பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பதினோரு வருடமாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று சொல்வதுதான் அவள் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. காய்கறிக் கடையில் அவள் அரைக் கிலோ தக்காளி கேட்டால், பக்கத்தில் நிற்பவர் தன்னை அறியாமல் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொள்வார்.

அந்தக் குரல் ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டம் அலைமோதுகிற நேரத்தில் நின்றுபோனது. "நான்காவது மேடையிலிருந்து" என்பது வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு வெறும் காற்றுதான் வந்தது. எந்த வண்டி என்று தெரியாமலேயே நாற்பது ஐம்பது பேர் நான்காவது மேடைக்கு ஓடினார்கள். அங்கே வண்டியே இல்லை. ஓடியவர்களில் பாதிப் பேர் கண்ணாடி அறையைப் பார்த்துத் திட்டினார்கள். மேலாளர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கொஞ்ச நாளைக்கு, தொலைஞ்சுபோன சாமான் வைக்கிற ரூம்ல இருந்துக்கம்மா. குரல் சரியானதும் பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அன்று முழுக்க, யாரோ விட்டுப்போன குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தபோது, தானும் அந்தச் சாமான்களில் ஒன்று என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

தொண்டை டாக்டர் மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வேறு மருந்து கொடுத்தார். மூன்றாவது முறை போனபோது மருந்துச்சீட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நடுவுல எப்பவாவது சரியா இருந்துதா?"

யோசித்துப் பார்த்தாள். "எங்க அக்கா வீட்டுல நாலு நாள் இருந்தேன் டாக்டர். அங்க நல்லாத்தான் பேசினேன். வாய் ஓயலன்னு அக்காவே சலிச்சுக்கிட்டா."

"உங்க வீட்டுல நீங்க படுக்கிற ரூம்ல ஓதம் இருக்கா? சுவர்ல கறுப்பா ஏதாவது?"

இருந்தது. வாடகைக்கு எடுத்து இரண்டாவது வருடமே படுக்கையறை மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. புள்ளி உள்ளங்கை அளவாயிற்று. உள்ளங்கை தட்டு அளவாயிற்று. வால் என்று எல்லோரும் கூப்பிடுகிற எட்டு வயது மகள், "அம்மா, இன்னைக்கு ஒரு புதுத் தீவு முளைச்சிருக்கு" என்று பள்ளிக்கூட வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சொல்வாள். சோப்பு போட்டுத் தேய்த்தார்கள், மறுபடி வந்தது. கடைசியில் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பீரோவை நகர்த்தி அதன்மேல் ஒட்ட வைத்துவிட்டார்கள். அந்தப் பீரோவுக்கு இரண்டடி தள்ளித்தான் அவள் தலையணை.

"மருந்து கொடுத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா அந்தப் பூஞ்சை இருக்கிற வரைக்கும் தொண்டை ஆறாது. மொதல்ல சுவரைப் பாருங்க" என்ற டாக்டர், தான் கவனித்ததைத் தேதி போட்டு ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. குரலை உயர்த்தாத, சட்டை கசங்காத மனிதர். ஓதத்தைப் பற்றி மைக்கம்மா அவரிடம் இதுவரை ஐந்தாறு முறை சொல்லியிருப்பாள். ஒருமுறை ஆள் அனுப்பி அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். மற்ற நேரமெல்லாம் "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்று மழுப்பினார். இந்த முறை டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்.

"துணியை வீட்டுக்குள்ளயே காயப்போடறீங்க இல்லையா? உங்க கணவர் சமையல்காரர். வீட்டுலயும் எந்நேரமும் அடுப்பு எரியும். ஆவி எங்கம்மா போகும்? சுவர்லதான் படியும். ஜன்னலைத் திறந்து வைங்க, தானா போயிடும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவனுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. அவன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவன். முந்நூறு பேருக்குச் சமைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு காபி போடக்கூட அடுப்புப் பக்கம் போகமாட்டான்.

"நான் வீட்டுல சமைக்கிறேனாமா? பெத்த மகளே என் சமையலை வீட்டுல சாப்பிட்டதில்ல. இனிமே வாடகை கிடையாது. சுவர் காயட்டும், அப்புறம் வாடகை. அப்பத்தான் ஆளு வழிக்கு வருவாரு."

"அதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டுக்கலாமுங்க" என்றாள், பாதி சைகையிலும் பாதி காற்றிலும். டாக்டர் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருந்தார். நகராட்சி நூலகத்தின் பின்னறையில், புதன்கிழமைதோறும், வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு யோசனை சொல்ல ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார், காசு கிடையாது என்று.

அந்த அம்மா முப்பது வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாமல் இந்த மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். கணவனின் வாடகை யோசனையைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க தம்பி. இப்ப தப்பு அவர் பக்கம் இருக்கு. வாடகையை நிறுத்தினா மறுநாளே உங்க பக்கம் வந்துடும். அவர் சுவரைப் பத்திப் பேசவே மாட்டாரு, வாடகை வரலன்னுதான் பேசுவாரு."

"அப்ப நாங்க என்னதான் பண்றது?" என்றான் கணவன். குரலில் சூடு இறங்கியிருந்தது.

"இதுவரைக்கும் வாயாலதான சொன்னீங்க? எழுதிக் கொடுங்க. என்னென்னிக்குச் சொன்னீங்க, அவரு என்ன சொன்னாரு, டாக்டர் என்ன சொன்னாரு, எல்லாத்தையும் தேதியோட எழுதுங்க. போட்டோ எடுத்து ஒட்டுங்க. எத்தனை நாளுக்குள்ள வந்து பாக்கணும்னு மரியாதையாக் கேளுங்க. ஒரு நகல் உங்ககிட்ட இருக்கட்டும். அதுக்கும் அசையலன்னா சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடலாம், அவர் வந்து பாத்து அறிக்கை எழுதுவாரு. அதுக்கப்புறம் ரெண்டு வழி. ஒண்ணு வாடகை கோர்ட்டு. இன்னொண்ணு இதே நூலகத்துல மாடியில சமரச மையம். அங்க ரெண்டு பேரையும் உட்கார வைச்சுப் பேச வைப்பாங்க."

பேசிக்கொண்டே டைப்பிஸ்ட் அம்மா காகிதத்தை எடுத்து முதல் வரியைத் தானே எழுதிக் கொடுத்தார். மைக்கம்மா வீட்டில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினாள். வால் பீரோ இடுக்கில் கையை நுழைத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்தாள்.

கடிதம் போன நான்காம் நாள் கதவிடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது. கண்ணாடிக் கடையின் தாள். "ஏழு வருடம் குடும்பம் மாதிரி பழகிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களா? மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிடுங்கள்" என்று இருந்தது.

குரல் போய், வேலையும் போகுமோ என்று இருக்கிற நேரத்தில் வீடும் போனால்? மகளின் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில். மைக்கம்மா அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, புதன்கிழமை வரும்வரை காத்திருந்து நூலகத்துக்கு ஓடினாள். டைப்பிஸ்ட் அம்மா சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்தார்.

"பயப்படாதீங்க. உடம்புக்குக் கெடுதல்னு புகார் சொன்னதுக்காக யாரையும் தெருவுல நிறுத்த முடியாது. இதை எழுதினது வீட்டுக்காரர் இல்ல, அவரோட கோபம். பத்திரமா வைச்சுக்கங்க. இப்ப ஆய்வாளருக்கு எழுதுவோம்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் மைக்கம்மா. நன்றி சொல்லக் குரல் வரவில்லை. "வேணாம் வேணாம், தொண்டையைச் செலவழிக்காதீங்க" என்றார் அந்த அம்மா.

ஆய்வாளர் அடுத்த வாரம் வருவதாகத் தகவல் வந்தது. வருவதற்கு முந்தின நாள் மாலை, கணவன் முக்காலி போட்டு ஏறி, படுக்கையறை வென்டிலேட்டரிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தான். கசங்கிய செய்தித்தாள். போன குளிர்காலத்தில் மகள் தலைமேல் காற்று இறங்குகிறது என்று அவனே திணித்து வைத்தது.

"இப்ப எதுக்கு எடுக்கறீங்க?" என்றாள்.

"அவங்க கையில நாமளே கம்பை எடுத்துக் கொடுக்கணுமா? இதைப் பாத்தா, பூஞ்சைக்கே நாமதான் காரணம்னு எழுதிடுவாங்க."

அவள் கீழே விழுந்த தாள்களைப் பொறுக்கினாள். உள்ளுக்குள் அவளுக்கும் அதே பயம்தான்.

வந்த ஆய்வாளர் ஒல்லியான, நெடுநெடுவென்ற மனிதர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதில் இரண்டு ஊசிகள். சுவரில் அழுத்தினால் எத்தனை ஈரம் என்று எண் காட்டும். பீரோவை நகர்த்தச் சொன்னார். நகர்த்தியதும் வந்த வாடையில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அவர் மட்டும் பூக்கடைக்குள் நுழைந்தவர் போல ஆர்வமாகக் குனிந்தார். கீழே அழுத்திப் பார்த்தார், நடுவில் பார்த்தார், முக்காலியில் ஏறி உச்சியில் பார்த்தார். ஜன்னல் ஓரத்தில் பார்த்தார், சமையலறையில் பார்த்தார். மொட்டைமாடிக்குப் போய் அரை மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் தூசியோடு இறங்கி வந்தார்.

"மேல போகப்போக ஈரம் ஜாஸ்தியாகுது. சமையல் ஆவின்னா ஜன்னல் பக்கமும் இருக்கணும், அங்க துளிகூட இல்ல. மாடித் தண்ணி இறங்கற குழாய் இந்த மூலையில சுவருக்குள்ளயே போகுது. எங்கயோ விரிசல் விட்டிருக்கு. ஒவ்வொரு மழைக்கும் சுவர் தண்ணி குடிக்குது."

கணவன் முகத்தில் வெளிச்சம் அடித்தது. ஆய்வாளர் அண்ணாந்து வென்டிலேட்டரைப் பார்த்தார்.

"இந்த ஓட்டை எப்பவும் திறந்துதான் இருக்குமா?"

"ஆமா சார்" என்றான் கணவன்.

வால் வாயைத் திறந்தாள். மைக்கம்மா தன்னை அறியாமல் கையை நீட்டி மகளின் வாயைப் பொத்தினாள். ஆய்வாளர் பார்க்கவில்லை. மகள் பார்த்தாள். அன்றைக்கு மைக்கம்மாவுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அது பூஞ்சையால் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அறிக்கை கைக்கு வந்ததும் டைப்பிஸ்ட் அம்மா கேட்டார். "இதை வைச்சு வாடகை கோர்ட்டுக்கே போகலாம். ஜெயிக்கவும் செய்யலாம். ஆனா நாளாகும். மாடிக்குப் போனா சீக்கிரம் முடியும், ஆனா அவரும் ஒத்துவரணும். உங்களுக்கு எது முக்கியம்?"

"சுவர் காயணும்" என்றாள் மைக்கம்மா.

சமரச மையத்து அறையில் ஒரு வட்ட மேசையும், நான்கு நாற்காலிகளும், தண்ணீர்ச் செம்பும் இருந்தன. சமரசம் பேச வந்தவர் ஒரு காலத்தில் தபால்காரராக இருந்த பெண்மணி. ஊரில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை அறிந்தவர். "நான் தீர்ப்பு சொல்ற ஆள் இல்ல. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக்கூடாது, அவ்வளவுதான் இங்க சட்டம்" என்று ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் முதலில் பேசினார். அறிக்கை அவருக்கும் போயிருந்தது. முகம் இறுகியிருந்தது.

"குழாயில விரிசல் இருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா இவங்க மேல தப்பே இல்லையா? நான் கடைக்குப் போற வழியில தினம் பாக்கறேன். அந்த வென்டிலேட்டர் அடைச்சேதான் இருக்கும். வெளியிலேர்ந்து நல்லாத் தெரியும், செய்தித்தாள் திணிச்சு வைச்சிருக்காங்க."

தபாலம்மா அறிக்கையைப் புரட்டினார். "வென்டிலேட்டர் திறந்திருந்ததுன்னு ஆய்வாளர் எழுதியிருக்காரே சார்."

வீட்டுக்காரர் திகைத்துப்போனார். "இல்ல... நான் பாத்தேன்..." என்று இழுத்தார். கண்ணெதிரே பார்த்ததைச் சொல்லியும் பொய்யர் ஆனவரின் முகம் அது. அந்த முகத்தை மைக்கம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சுவர் ஆவியால் நனையவில்லை என்று அவள் சொல்லியும் அவர் நம்பாமல் இருந்த நாட்கள் அவளுக்குத் தெரியும்.

"அவர் சொல்றது நிஜம்" என்றாள்.

கணவன் திரும்பிப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உரசிக்கொண்டு வந்தது.

"நாங்கதான் அடைச்சு வைச்சிருந்தோம். புள்ளை தலையில காத்து இறங்குதுன்னு. ஆய்வாளர் வர்றதுக்கு முந்தின நாள் எடுத்துட்டோம். அவர் கேட்டப்ப உண்மையைச் சொல்லல. எம் பொண்ணு சொல்ல வந்தா, நான் வாயைப் பொத்திட்டேன். அதை எழுதிக்கங்க."

அதற்குமேல் குரல் வரவில்லை. இருமல் வந்தது. நிற்காமல் வந்தது. கணவன் எழுவதற்குள் வீட்டுக்காரர் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் குரலா... நிலையத்துல..." என்றார் மெதுவாக. "ரெண்டு மாசமா வேற யாரோ பேசறாங்களேன்னு நினைச்சேன். தொண்டை சரியில்லன்னு நீங்க சொன்னப்பகூட இவ்வளவுன்னு நினைக்கல."

தபாலம்மா பேனாவை மூடி வைத்தார். பேச்சில்லாத நேரத்தை எப்போது அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"குழாய் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும். இவங்களுக்கு முன்னாடி இருந்தவரு சொன்னாரு. சுவரை உடைக்கணுமேன்னு மலைச்சுப்போய் சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டேன். இவங்க சொன்னப்பவும் அதையேதான் பண்ணினேன். கடிதம் வந்ததும் கோபம் வந்தது, ஏன்னா அதுல எழுதியிருந்தது அத்தனையும் நிஜம்."

அதன்பிறகு வேலை சுலபமாக நடந்தது. தபாலம்மா கேட்கக் கேட்க இருவரும் சொன்னார்கள், அவர் எழுதினார். பழைய குழாயை அடைத்துவிட்டுப் புதுக் குழாயைச் சுவருக்கு வெளியே இறக்குவது. பூஞ்சை பிடித்த காரையைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, காயவிட்டுப் புதிதாகப் பூசுவது. வேலை முடியும்வரை குடும்பம் கண்ணாடிக் கடைக்கு மேலே காலியாக இருக்கிற அறைகளில் தங்குவது. காலி செய்யச் சொன்ன சீட்டு செல்லாது. வென்டிலேட்டரை இவர்கள் அடைப்பதில்லை, காற்று நேராகத் தலையில் இறங்காதபடி அதற்கு ஒரு தடுப்பு போட்டுக்கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. சொன்னபடி நடக்காவிட்டால் இதே காகிதத்தோடு வாடகை கோர்ட்டுக்குப் போகலாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கணவன் இரண்டிரண்டு படியாக இறங்கினான். தெருவுக்கு வந்ததும், "நான் பொய் சொன்னதை நீ இப்படிப் போட்டு உடைப்பேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றான். கொஞ்ச தூரம் போனபின், "நல்லவேளை சொல்லல" என்றான். வீட்டுக்குப் போனதும் மைக்கம்மா முதல் வேலையாக ஆய்வாளருக்கு நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் எழுதினாள். பிறகு மகளை உட்கார வைத்து, வாயைப் பொத்தியது தப்பு என்றாள். வால் பெரிய மனது செய்து மன்னித்தாள். அதற்குப் பதிலாக ஒரு பூனைக்குட்டி கேட்டாள். அது கிடைக்கவில்லை.

கடைக்கு மேலே ஐந்து வாரம் இருந்தார்கள். எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாகப் போகிற பழைய அட்டை ஒன்று அங்கே சுவரில் மாட்டியிருந்தது. வால் தினமும் காலையில் அப்பாவை அதன்முன் நிறுத்திப் பரிசோதித்து, கடைசியில் அவனுக்குக் கண்ணாடி தேவை என்று கண்டுபிடித்துச் சொன்னாள். உண்மையிலேயே தேவைதான். வீட்டுக்காரர் கீழே கூப்பிட்டுச் சோதித்து, தானே ஒன்று செய்து மாட்டிவிட்டார். "உப்பு டப்பா எது, சோடா டப்பா எதுன்னு இப்பத்தான் தெரியுது" என்று கணவன் சொல்ல, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முந்நூறு பேரை நினைத்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சுவரை உடைத்த அன்று கொத்தனார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். குழாயில் ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. சுற்றியிருந்த செங்கல் பிஸ்கட் மாதிரி விரலிலேயே உதிர்ந்தது. வீட்டுக்காரர் அந்தத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் இதுக்குப் பக்கத்துலயா படுத்திருந்தீங்க" என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல.

குரல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கடை மாடியில் மூன்றாவது வாரம், மகளைக் குளிக்கக் கூப்பிட்டபோது அது முழுசாக வெளியே வந்தது. "அம்மா, கத்தாத" என்று சொல்லிவிட்டு, சொன்னதன் அர்த்தம் உறைத்ததும் வால் ஈரக் காலோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அடுத்த மாதம் மைக்கம்மா கண்ணாடி அறைக்குத் திரும்பினாள். மேலே ஏறும் இடங்களில் குரல் இன்னும் கொஞ்சம் பிசிறடித்தது. இனி அது அப்படியேதான் இருக்கும் என்றார் டாக்டர். அதனால் மாலை நேரத்தை இன்னொரு பெண்ணோடு பங்கிட்டுக்கொண்டாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. மாலையில் மகளோடு வீட்டில் இருப்பது இந்த எட்டு வருடத்தில் கிடைக்காத ஒன்று.

முதல் புதன்கிழமையே நூலகத்துக்குப் போனாள். டைப்பிஸ்ட் அம்மா முன்னால் நின்று, "ரொம்ப நன்றிங்க" என்றாள், முழுக் குரலில். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து பையைத் தேடினார்கள். டைப்பிஸ்ட் அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது.

ஆய்வாளரிடமிருந்து பதில் கடிதம் வந்திருந்தது. அறிக்கையைத் திருத்தி எழுதிவிட்டதாகவும், இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கடிதம் தனக்கு வந்ததே இல்லை என்றும், அதைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.

வீடு திரும்பிய பிறகு முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிடித்தது. சாதாரண மழை இல்லை, எதிர்வீடு தெரியாத மழை. மூவரும் படுக்கையறையில் உட்கார்ந்து மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீரோ இப்போது எதிர்ச்சுவர் பக்கம், அதை ஒட்டாமல் ஒரு கை தள்ளி நின்றது. வெளியே புதுக் குழாயில் தண்ணீர் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வீட்டுக்காரர். குடை பிடித்தும் பயனில்லாமல் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். சட்டை முதல் தடவையாகக் கசங்கியிருந்தது.

"மழை வந்ததும் கடையில உட்கார முடியலம்மா. ஒருதடவை பாத்துட்டுப் போயிடறேன்."

கணவன் துண்டு எடுத்துக் கொடுத்தான். கையைத் துடைத்துக்கொண்டு நேராக மூலைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். மேலே வைத்தார், கீழே வைத்தார். வால் முக்காலி போட்டு ஏறி, அவர் கை வைக்காத இடத்தில் தன் கன்னத்தையே வைத்துப் பார்த்தாள்.

"காஞ்சிருக்கு" என்றாள்.

"காஞ்சிருக்கு" என்றார் அவரும்.

மைக்கம்மா பக்கத்தில் போய்த் தானும் கையை வைத்தாள். சுவர் சில்லென்று இல்லை, சாதாரணமாக இருந்தது. கணவன் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு யாரும் கேட்காமலே சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தான்.

"உட்காருங்க சார். ஒரு காபி போடறேன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். மைக்கம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.